அறுபது மதிப்புள்ள கடி

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. கரும்பலகையில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு தலை மட்டும் மடியைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. சத்தமில்லாமல் நடந்து போய்ப் பின்னால் நிற்பது எனக்குக் கைவந்த வித்தை. பிள்ளைகள் அதற்காகவே என்னைக் கண்டு பயப்படுவார்கள். அந்தப் பயம் எனக்கு அப்போது பிடித்தும் இருந்தது.

அவள் மடியில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வீடியோ கேம். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அந்தச் சமயத்தில் திண்டுக்கல்லில் அப்படி ஒரு சாமானை யார் கையிலும் நான் பார்த்ததில்லை. வெடுக்கென்று பிடுங்கினேன்.

"மிஸ், ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க மிஸ்! இன்னும் சேவ் பண்ணல மிஸ்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை அந்த வருடத்தில் என் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். கணக்கு தெரியாமல் இல்லை. நோட்டில் சரியாகப் போட்டிருப்பாள். எழுந்து நின்றால் கை ஓடாது. "சரி, போய் உக்காரு" என்று நான் சொல்லும்வரை மூச்சு விடுகிறாளா என்றே தெரியாது.

பிடுங்கும் சாமான்களை ஆபீசில் தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். அன்று மணி அடித்து நான் போனபோது சிஸ்டர் வெளியே போயிருந்தார், அறை பூட்டியிருந்தது. சாமானைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் அணைக்கவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்தக் குரல் காதில் இருந்தது, அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸில் கைப்பைக்குள்ளிருந்து சன்னமாக ஒரு மெட்டு கேட்டுக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "டீச்சர், போன் அடிக்குது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாகல் நகர் வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மாதிரி விளையாட்டுச் சாமான் எதுவும் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன்: திரைக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு இருந்த பச்சை விளக்கு சிவப்பாக மாறியிருந்தது.

பேட்டரி தீரப் போகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றினால் அணைந்துவிடும். அணைந்தால் அவள் எதையோ இழந்துவிடுவாள். எதை என்று தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையை வாய்திறக்க வைத்த ஏதோ ஒன்று.

கையில் எடுத்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் நாய் போல, ஓநாய் போல ஒரு பிராணி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. எதிரே தூணுக்குக் கைகால் முளைத்த மாதிரி ஒன்று. பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடு ஒன்று மோதவிடும் விளையாட்டு என்பது பார்த்ததும் புரிந்தது. சேவ் என்ற சொல்லைத் தேடினேன். சண்டைக்கு நடுவே அப்படி ஒரு சொல்லே இல்லை. ஓடுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினேன். இன்னொருவரோடு போடும் சண்டையிலிருந்து ஓடக் கூடாது என்று எழுத்து வந்தது. ஆக, சண்டையை முடித்தால்தான் வெளியே வர முடியும். வெளியே வந்தால்தான் சேவ் செய்ய முடியும். சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

சண்டையிடு என்று அழுத்தியதும் நான்கு தாக்குதல்களின் பெயர் வந்தது. முதலாவது பைட். கடி. அதையே அழுத்தினேன். மேலும் கீழுமாக இரண்டு பல் வரிசை தோன்றி எதிரியைக் கவ்வி மூடியது. எதிரியின் உயிர்க்கோடு கொஞ்சம் குறைந்தது. இப்போது அது திருப்பி அடிக்கும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. அது 'ஃபிளிஞ்ச்' ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வெடவெடத்துப் பின்வாங்கியது என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். அதன் முறை அப்படியே கழிந்து, மறுபடி என் முறை வந்தது.

இரண்டாவது கடியில் அது பின்வாங்கவில்லை. திருப்பி அடித்த அடியில் நாயின் உயிர்க்கோடு சிவந்து, விடாமல் பீப் பீப் என்று அலறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறை இருண்டதும் படமும் இருண்டுவிட்டது. எழுந்து மொட்டைமாடிக்கு ஓடினேன். மலைக்கோட்டைப் பாறையின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. மேற்குப் பார்த்து நின்று, மிச்ச வெளிச்சத்துக்குத் திரையைச் சாய்த்துப் பிடித்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். என் வீட்டுக்காரர்.

"மெழுகுவத்தி ஏத்தாம மாடியில என்ன பண்ணுற?"

"செத்த நேரம் பேசாதீங்க. இது சாகப் போகுது."

"எது?"

கடியை அழுத்தினேன். தூண் வெடவெடத்தது. இன்னொரு கடி. தூண் சரிந்து திரையைவிட்டுப் போனது. என்னையறியாமல் "அப்பாடா" என்றேன். வீட்டுக்காரர் அருகில் வந்து திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

ஆனால் அது முடிவில்லை. நாய் ஒரு படி உயர்ந்திருக்கிறது, புதிதாக ஒரு தாக்குதலைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறது, ஆனால் நான்குக்கு மேல் அதனால் வைத்துக்கொள்ள முடியாது, பழையதில் ஒன்றை அழிக்கட்டுமா என்று விளையாட்டு கேட்டது. சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பலம் எண்ணில் போட்டிருந்தது. எண்பது, எண்பது, நூறு. கடிக்கு வெறும் அறுபது. புதிதாக வருவதற்குத் தொண்ணூறு. பதினாறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அறுபதை அழித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, நாய் கடியை மறந்துவிட்டது என்று சொன்னது.

பிறகு சேவ் என்ற சொல்லைக் கண்டுபிடித்து அழுத்தினேன். சேவ் ஆகிவிட்டது என்று வந்த வரியைப் படித்து முடித்த சில நொடிகளில் திரை வெளுத்து அணைந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

அந்த இரண்டு நாளும் அவளுக்கு எப்படிக் கழிந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அம்மா செம்பட்டி ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா வாங்கி அனுப்பிய அந்த விளையாட்டை அம்மா பீரோவில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபின் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துத் தருவார். இவள் வியாழக்கிழமை ராத்திரியே அதைத் தெரியாமல் எடுத்துப் பையில் வைத்திருக்கிறாள். ஞாயிறன்று பூசையிலிருந்து வந்ததும் அம்மா பீரோச் சாவியை எடுக்க, இவள் தலைவலி என்று சொல்லிப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாராம். மதியம்வரை போர்வைக்குள் கிடந்து பீரோ திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தாளாம்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போகாமல் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அவளை வரச்சொன்னேன். புதுப் பேட்டரி போட்டிருந்தேன்.

"இந்தா. அணையுறதுக்குள்ள சேவ் பண்ணிட்டேன். அந்தத் தூணையும் அடிச்சாச்சு."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. உடனே போட்டுப் பார்த்தாள். விரல்கள் பழகிய வேகத்தில் எங்கெங்கோ போய் ஓரிடத்தில் நின்றன. பலகைக்கு முன்னால் நிற்கும்போது இருக்குமே, அதே முகம் வந்துவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

"சொல்லு."

"பரவால்ல மிஸ்."

"சொல்லுன்னா சொல்லணும்."

"பைட்ட அழிச்சுட்டீங்க மிஸ்."

"அதுக்குப் பலம் கம்மிதானே? இப்ப வந்துருக்குறது தொண்ணூறு."

அவள் தலையை ஆட்டினாள். குரல் கீழே போனாலும் நிற்கவில்லை. "இது அடிச்சா நம்மளுக்கும் அடி விழும் மிஸ். எதிராளிக்கு விழுறதுல ஒரு பங்கு நம்ம நாய்க்கும் குறையும். பைட்டு அப்படி இல்ல. கடி வாங்குனது சில நேரம் பயந்துரும். அந்த ஒரு தடவ அதால ஒண்ணுமே பண்ண முடியாது, சும்மா நிக்கும். எங்கிட்ட இருக்குறதெல்லாம் சின்னதுங்க மிஸ். எதிராளி சும்மா நின்னாத்தான் என்னால ஜெயிக்க முடியும்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடியில் பெரியப்பா வீட்டில் ஒரு பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து. பெரியப்பா மகளிடமும் இதேபோல ஒன்று இருக்கிறது. ஒயரால் இரண்டையும் இணைத்து மோதுவார்கள். இவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போன தடவை, கொய்யாத் தோப்பில் எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்க, அவளுடைய ஆறு பிராணிகளில் ஒன்றைக்கூட வீழ்த்த முடியாமல் தோற்றுவிட்டு, பெரியப்பாவின் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாளாம். அதன்பிறகு நான்கு மாதமாக ஞாயிறுதோறும் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த நாயை வளர்த்திருக்கிறாள்.

"திரும்பக் கொண்டாரவே முடியாதா?"

"முடியும் மிஸ். மறந்தத ஞாபகப்படுத்துற ஆள் ஒருத்தர் உள்ள இருக்காரு. அவருக்கு ஒரு செதில் கொண்டுபோய்க் குடுக்கணும். ரோஸ் கலர் மீன் ஒண்ணு இருக்கு. அதுகிட்ட கிடைக்கும். ஆனா எல்லா மீன்கிட்டயும் இருக்காது. ஒரு மணி நேரத்துல ஆகாது மிஸ்."

மணி அடித்தது. நான் அப்போது செய்ததை இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை. "சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு அம்மாகிட்டச் சொல்லு. இதையும் எடுத்துட்டு வந்துரு" என்றேன். பீரோவிலிருந்து மறுபடி தெரியாமல் எடுத்து வரச் சொல்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நம்ப முடியாதவளாக என்னைப் பார்த்துவிட்டு ஓடினாள். அன்று சாயங்காலம் அவளுடைய டைரியில் சிறப்பு வகுப்பு என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கணக்கு நோட்டோடு வந்தாள். நோட்டுக்கு அடியில் விளையாட்டு. அம்மாவுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடித்துவிட்டு நேராக இங்கே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அவள் திரைக்குள் ஒரு கடற்கரையில் நின்று தூண்டில் போட்டாள். மீன் கடித்ததும் சரியான நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். வேண்டாத மீன்கள்தான் வந்தன. பதினொன்றரை மணிக்கு முதல் ரோஸ் மீன். பிடித்துப் பார்த்தால் அதனிடம் எதுவும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் கை வலிக்க, நான் வாங்கிப் போட்டேன். நான் ஒரு நொடி பிந்தி இரண்டைத் தவறவிட்டேன். "சீக்கிரம் மிஸ், இப்ப, இப்ப!" என்று அவள் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். என்னைத் தொடுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. சோறு வடிக்க மறந்துவிட்டேன். அடுப்பில் குழைந்துபோன வாசம் வந்த பிறகு எழுந்து ஓடினேன். தூண்டிலில் வந்த மீனைப் பிடிக்க அதன்மேல் எறியும் பந்துகள் குறைந்துகொண்டே வந்தன. ஒன்றே கால் மணிக்கு மூன்று பந்துதான் மிச்சம்.

ஏழாவது மீனிடம் இருந்தது அது. இதய வடிவில் ஒரு செதில். அவள் கத்தவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஓடு ஓடு, அந்த ஆள்கிட்டப் போ" என்றேன்.

அந்த ஆள் வேறு ஊரில் இருந்தார். கடலைத் தாண்டி, ஒரு குகையைத் தாண்டிப் போக வேண்டும். வழியில் குறுக்கிட்ட ஒவ்வொரு பிராணியிடமிருந்தும் தப்பித்து அவள் போய்க்கொண்டிருக்கும்போது வாசல் தாழ்ப்பாளை யாரோ தட்டினார்கள். மணி இரண்டு ஆகவில்லை.

அவள் விளையாட்டை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். தலைகீழாக. நான் கதவைத் திறந்தேன்.

தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, அவளுடைய அம்மா நின்றார். என்னைவிட வயது குறைந்தவர். ஆனால் அப்போது அப்படித் தெரியவில்லை.

"மில்லுல மெஷின் ரிப்பேரு டீச்சர், சீக்கிரமே விட்டுட்டாக. அதான் வாரேன். லீவு நாள்லயும் எம்புள்ளைக்காக இம்புட்டு மெனக்கெடுறீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். கையில் இருந்த தாளைப் பிரித்து, ஒரு முழம் மல்லிகைப்பூவை நீட்டினார்.

அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். வாங்கிக்கொண்டு காபி போடப் போயிருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும்.

"கணக்கு இல்லம்மா" என்றேன். மெத்தைக்கு அடியிலிருந்து விளையாட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். பள்ளியில் பிடுங்கியது, ஆபீசில் கொடுக்காதது, அழித்தது, பொய் சொல்லி வரச்சொன்னது, டைரியில் எழுதியது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அவர் மல்லிகைப்பூவைத் தாளில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவ திருடுனா அடிக்கலாம்" என்றார் கடைசியில். "டீச்சரே திருடிட்டு வான்னு சொல்றீங்க. இனிமே நான் அவளுக்கு என்னத்தச் சொல்லி வளக்க?"

தெருவில் ஒரு குல்பி வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா."

"இன்னும் எம்புட்டு நேரம்?"

"ரெண்டு நிமிசம்மா. அந்த வீட்டுக்குள்ள போனாப் போதும்."

"முடி. முடிச்சுட்டு வா. நான் வாசல்ல நிக்கிறேன்."

வாசலில் வெயில். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கேட்காத மாதிரி நின்றார். உள்ளே அவள் குனிந்து, கன்னத்தில் கண்ணீர் வழிய, விரல் தடுமாறாமல் அந்த ஆளிடம் செதிலைக் கொடுத்தாள். எதை அழிக்கட்டும் என்று விளையாட்டு கேட்டது. நான் கொடுத்த தொண்ணூறை அழித்தாள். கடி திரும்ப வந்தது. சேவ் செய்தாள். வெளியே போய் அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தூக்குவாளிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஆயக்குடி நினைப்புத்தான். அந்த அம்மா அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றும் நினைத்தேன். திங்கட்கிழமை சிஸ்டர் கூப்பிடுவார், மெமோ வரும் என்று விடியற்காலையிலேயே விழித்துக் கிடந்தேன். சிஸ்டர் கூப்பிடவில்லை. அந்த அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இடைவேளையில் அவளாகவே ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள்.

"அம்மா எடுத்துக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க மிஸ். பக்கத்துலயே உக்காந்து பாத்தாங்க. தோத்துட்டேன் மிஸ்."

"கடிச்சும் அது பயப்படலையா?"

"ரெண்டு தடவ பயந்துச்சு. மூணாவது தடவ பயப்படல. ஆனா பெரியப்பா பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் மிஸ்! அஞ்சு போச்சு! அவளுக்குக் கையெல்லாம் வேத்துருச்சு மிஸ்." சொல்லும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. தோற்றதற்காக நான்தான் வருத்தப்பட்டேன். மனதுக்குள் வாய்ப்புக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். அவள் முகத்தில் வருத்தமே இல்லை.

அந்த வாரத்தோடு பூனை நடை நடந்து பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நிற்பதை விட்டுவிட்டேன். நல்லெண்ணத்தில் விட்டேன் என்று சொல்ல முடியாது. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் வாசல் வெயிலில் நின்ற அந்த அம்மா நினைவுக்கு வந்தார், அதனால். பலகைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கூப்பிட்டுவிட்டு நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். சில நாள் எழுதுவாள், சில நாள் எழுத மாட்டாள்.

முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய அம்மா வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் எதிரில் உட்கார்ந்தார். வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினார். ரேங்க் கார்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"புள்ள தேறுவாளா டீச்சர்? நெசத்தச் சொல்லுங்க."

"அம்பத்தி மூணு எடுத்துருக்காம்மா. தேறிருவா. ஆனா பத்தாவதுக்கு இது பத்தாது. அவசரத்துல கூட்டல்ல தப்பு விடுறா."

அவர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேனா கேட்டார். கொடுத்தேன். கார்டில் தன் பெயரை எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதிவிட்டு, பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்து எழுந்து போனார்.